நெஞ்சுவலி என்று சொன்னவன்

வெளிநாட்டுக் கிடங்கு ஒன்றில் பெட்டிகள் அடுக்கியிருந்த இரும்புச் சட்டங்கள் சரிந்தபோது அடியில் மாட்டிக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் அந்த ஊர்க்காரன். வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம் என்பதால் நம் ஆட்கள் அவனுக்கு நெட்டையன் என்று பேர் வைத்திருந்தார்கள். இன்னொருவன், பிழைக்கப் போய் அங்கே சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த நம்மவன். இருவரையும் ஒரே துளை வழியாகத்தான் வெளியே இழுத்தார்கள். எலும்பு எதுவும் முறியவில்லை.

கம்பெனி டாக்டர் நெட்டையனை உட்காரவைத்து, தூக்கம் வருகிறதா, கனவு வருகிறதா என்று துருவித் துருவிக் கேட்டு மனநல மருத்துவரிடம் அனுப்பினார். நம்மவனுக்கு முதுகைத் தட்டிப் பார்த்து வலி மாத்திரை கொடுத்தார்.

"உங்க ஆளுங்க உடம்பு கெட்டி. எதையும் தாங்குவீங்க," என்றார் மேற்பார்வையாளர். அவனும் அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டு மறுவாரமே வேலைக்குப் போனான்.

ஆனால் அந்தக் கெட்டி உடம்பு வீட்டில் ஓரிடத்தில் தரிக்கவில்லை. பரண்மேல் இருந்ததையெல்லாம் இறக்கித் தரையில் பரப்பினான். பீரோவை நகர்த்தினான், மறுபடி சுவரோடு ஒட்டினான். குக்கர் விசிலடித்தால் வாசலுக்கு ஓடினான்.

"கால்ல சக்கரமா கட்டியிருக்கு? உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுங்களேன்," என்றாள் மனைவி.

"நெஞ்சு லேசா வலிக்குது."

"அக்கா சமையலைச் சாப்பிட்டா வலிக்காம என்ன செய்யும் மாமா?" என்றான் மச்சான். எல்லோரோடும் சேர்ந்து அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுந்து, வாசல் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான்.

ஒருநாள் கிடங்கில் யாரோ ஒரு பலகையைக் கீழே போட்டார்கள். தூக்கிய சரக்கு அந்தரத்தில் நிற்க, வண்டியை அப்படியே விட்டுவிட்டு அவன் வெளியே போய்விட்டான். அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்த நெட்டையன் பின்னாலேயே வந்தான்.

"நானும் இப்படித்தான் இருந்தேன். நீ யாருகிட்ட காட்டுற?"

"யாருகிட்டயும் இல்ல. என்னை அனுப்பல."

"ஒரே இடத்துலதானே கிடந்தோம்!" நெட்டையனின் முகம் சிவந்தது. அவனைக் கையோடு அலுவலகத்துக்கு இழுத்துப் போய், அனுப்பச் சொல்லிக் கத்திவிட்டு வந்தான்.

மனநல மருத்துவமனையில் மொழிபெயர்க்க ஆள் வைத்திருந்தார்கள். பார்த்தால், மச்சானோடு பந்து விளையாடுகிறவர்!

"அண்ணே, நீங்களா! கூச்சப்படாம சொல்லுங்க."

இவரிடம் சொன்னால், பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வீடு, 'அவனுக்கு மூளை கலங்கிடுச்சாம்' என்று ஆகிவிடும். "நெஞ்சுவலி," என்று மட்டும் சொன்னான். இதய மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை.

நெட்டையன் விடவில்லை. மறுமுறை அவனும் கூட வந்து வெளியே உட்கார்ந்துகொண்டான். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நம்மவன் தனியாக உள்ளே போனான். கடையிலும் கிடங்கிலும் பொறுக்கிச் சேர்த்த அந்த ஊர்ச் சொற்கள் சில அவனிடம் இருந்தன.

"பெட்டி விழுது. தினம் விழுது. நான் அழுதேன். அம்மா, அம்மா. பயம். இன்னும் பயம்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். அவனுக்கே ஆச்சரியம். அந்த மொழியில் அவனுக்குச் சொந்தபந்தமும் இல்லை, ஊர்வாயும் இல்லை. அதனால் அதில் மானம் போகவும் வழியில்லை.

அது விபத்தில் மனம் பட்ட காயம், சிகிச்சை உண்டு என்றார் மருத்துவர். தொடர்ந்து போனான். சில நாள் தேவலை. சில நாள் பழையபடி வாசலுக்கு ஓட்டம். எங்கே போகிறீர்கள் என்று மனைவி மடக்கியபோது, மறைக்கத் தெம்பில்லாமல் உண்மையைச் சொன்னான். பைத்தியமா என்று அலறுவாள் என எதிர்பார்த்தான்.

"ஊர் பேர் தெரியாத டாக்டரம்மாகிட்ட சொன்னதை எங்கிட்ட சொல்ல மாட்டீங்களா?" அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "நான் என்ன சுவரா? சொல்லுங்க. நம்ம பேச்சுல சொல்லுங்க."

எழப் போனவனின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவன் கதவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி கதவைப் பார்த்தான்.

"அன்னைக்கு..." என்று ஆரம்பித்தான்.