முதல் வாய்

...மறுபடியும் அந்த மீனுக்குத்தான் வரப்போகிறாள், சுக்காவைப் பரிமாறிக்கொண்டே ரோகிணி சிரித்த சிரிப்பிலேயே தமிழ்மாறனுக்குத் தெரிந்துவிட்டது, யாருக்கு விருந்து வைத்தாலும் அவளுக்கு அந்தக் கதை வந்துவிடும், இன்று வந்திருப்பதோ அவள் தம்பி ஜெயபாண்டியும் அவனுடைய புதுமனைவி பாண்டீஸ்வரியும், விடுவாளா... விருந்துக்கு வந்த புதுமாப்பிள்ளை முதல் வாயைப் பெண்ணுக்கு ஊட்டிவிட வேண்டும், அவன் கறித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நெளிகிறான். "என்னடா வெக்கம்? ஒங்க மச்சான் ஜப்பான்ல அம்புட்டுப் பேரு முன்னாடி எனக்கு ஊட்டுனாரு. அதுவும் வெசமீன." "வெசமா மதினி?" என்றாள் பாண்டீஸ்வரி. "ராமேஸ்வரத்துல வலையில விழுந்தா கரையிலயே வீசிருவாங்களே, பேத்தை மீனு. அங்க அது பெரிய ஆளுக சாப்பாடு. ஈரலை எடுக்கையில கொஞ்சம் பிசகுனாலும் ஆளு காலி." தமிழ்மாறன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

ஒசாகாவில் அலுவலகம் வைத்த விருந்தில் அந்தத் தட்டு வந்தபோதும் அவன் இப்படித்தான் குனிந்திருந்தான், கண்ணாடி போலச் சீவிய மீன், அடியில் தட்டின் நீலப்பூக்கூடத் தெரிந்தது, விருந்தாளி தொடங்காமல் யாரும் தொடமாட்டார்களாம், மேலாளரும் அலுவலகத்து ஆட்களும் அவன் வாயையே பார்க்கிறார்கள், அவன் வேறு ரயிலில் வரும்போதே போனில் எல்லாம் படித்துத் தொலைத்திருந்தான், முதலில் உதடு மரத்துப்போகும், பிறகு விரல், புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும்... எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை, எங்கள் ஊரில் முதல் வாய் மனைவிக்குத்தான் என்று சொல்லிவிட்டான், மேலாளர் நெஞ்சில் கைவைத்து நெகிழ்ந்துபோனார், எல்லோரும் கைதட்டினார்கள், ரோகிணி மென்றாள். எப்படி இருக்கு, எப்படி இருக்கு என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தது ருசியையா? ரப்பர் மாதிரி இருக்கு என்று அவள் சிரித்தாள், பேச்சு குழறுகிறதா என்று அவன் உதட்டையே பார்த்தான், குழறவில்லை என்று நிச்சயமான பிறகுதான் தன் துண்டை எடுத்தான். ஊரில் விட்டுவந்த குழந்தைக்கு ஒருவராவது மிஞ்ச வேண்டும் என்று நினைத்தேன்... சரி, மிஞ்சுவது அவளாக இருந்திருக்கக் கூடாதா?

"மச்சானா?" ஜெயபாண்டி சிரிக்கிறான். "கோரிப்பாளையத்துல பரோட்டா திங்கப் போனா, சால்னா இன்னைக்கு வச்சதான்னு மூணு பேருகிட்டக் கேப்பாரு. இந்தாளுக்குள்ள இம்புட்டுப் பாசமா?" "அண்ணனைப் பாத்துக் கத்துக்கங்க" என்று பாண்டீஸ்வரி அவனை இடிக்கிறாள். சொல்லிவிடலாமா, இப்போதே, இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே... சொன்னால் அவளிடம் மிஞ்சுவது என்ன, ஒவ்வொரு விருந்திலும் நகையைப் போலப் போட்டுக்கொள்கிறாளே இந்தக் கதையை, அதைக் கழற்றி வாங்கிக்கொள்ள வேண்டுமா? "பயமா இல்லையா மதினி?"

"இல்லாம? இவரு கை நடுங்குச்சே, பாத்தேன்ல" என்றாள் ரோகிணி, அவன் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே, அவனைப் பார்க்காமல். "பெறகு?" "பெறகென்ன, வாயத் தொறந்தேன்." கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு ரசம் எடுக்க உள்ளே போனாள்.

தமிழ்மாறன் சோற்றைப் பிசையத் தொடங்கினான். அப்படியென்றால் அன்றே அவளுக்குத் தெரிந்திருக்கிறது, இத்தனை நாளாக இந்தக் கதையை அவள் சொல்லிச் சொல்லி நம்பவைக்கப் பார்த்தது வந்தவர்களை இல்லையோ...