பவுனு பேருல ஓடுற ஏசி

...முட்டுவலியாம்ல முட்டுவலி, யாருக்கு, எனக்கா, குமுளி ரோட்டுல வெறகுக்கட்டைத் தலையில வச்சு எறங்குன காலு இது, நாப்பத்தாறு வயசாகியும் மாடிப்படியை ரெண்டு ரெண்டாத் தாண்டி ஏறுற காலு, இதுக்குப் போயி மூட்டுத் தேய்மானம், டாக்டரு ஏசி போட்டுப் படுக்கச் சொல்லிட்டாருன்னு எழுதி வச்சிருக்கான் பாரு, தலைவருக்குப் பேச்சு எழுதிக் குடுக்கிற அந்தத் தங்கபாண்டி, எந்த ஊரு டாக்டருடா முட்டுவலிக்கு ஏசி எழுதிக் குடுப்பான், குளுந்தா வலி கூடத்தானே செய்யும், பொய் சொல்றதையாச்சும் பொருந்தச் சொல்லணுமா இல்லையா... பவுனு மேடையில ஓரத்து நாற்காலியில உக்காந்து மடியில கெடந்த தாளை நாலா மடிச்சாள், எட்டா மடிச்சாள், அப்புறம் திரும்பப் பிரிச்சாள். எத்தனை மடிப்பு மடிச்சாலும் அதுல இருக்கிறது இருக்கத்தான் செய்யுது. ‘என் அஜாக்கிரதையால் நேர்ந்த தவறுக்குத் தாய்மார்கள் என்னை மன்னிக்க வேண்டும்.’ இன்னும் கொஞ்ச நேரத்துல கூப்பிடுவாக, எந்திரிச்சுப் போயி இதைப் படிக்கணும், முந்நூறு பொம்பளைக முன்னாடி, வாரா வாரம் மகளிர் குழுவுல பக்கத்துல பக்கத்துல உக்காந்து வெத்தலை போடுறவளுக முன்னாடி, நான் ஊதாரி, நான்தான் ஊதாரின்னு.

மைக்குல அவுக முழங்கிக்கிட்டிருந்தாக. அவுகன்னா வேற யாரு, பவுனு புருசன், பேரூராட்சித் தலைவர் கர்ணன், வெள்ளை வேட்டியில ஒரு பொட்டு அழுக்கு இல்லாம. “பூமித்தாய்க்குக் காய்ச்சல் அடிக்குது தாய்மார்களே! அணையில தண்ணி இல்ல, காத்தாலை சுத்தல, கரண்டு எங்கிட்டிருந்து வரும்? ஒரு வீட்டுல ஒரு பல்பை அணைச்சா ஒரு மரத்தை நட்ட மாதிரி!” எங்கன படிச்சாகளோ, படிக்கத்தான் நேரமிருக்கா, எல்லாம் தங்கபாண்டி கம்ப்யூட்டர் சென்டர்ல எறக்கிக் குடுக்கிறது. கல்யாண மண்டபத்துல கரண்டு போயி முக்கால் மணி நேரம் ஆச்சு. இந்த ரெண்டாயிரத்து எட்டாம் வருசத்துல கரண்டு போகாம இருந்தாத்தானே அதிசயம், காலையில மூணு மணி நேரம், சாயங்காலம் மூணு மணி நேரம், ஆனா மேடைக்கு மட்டும் ஜெனரேட்டர் கொல்லையில நின்னு டபடபன்னு டீசலைக் குடிக்குது, ரெண்டு ராட்சசக் காத்தாடி தலைவர்மாருக முதுகுல காத்தை அள்ளி எறியுது, கீழ பொம்பளைக ‘மின் சிக்கனப் பெருவிழா’ன்னு அச்சடிச்ச நோட்டீசை மடக்கி விசிறிக்கிட்டிருக்காக, மடியில ஆளுக்கொரு குண்டு பல்பு, மஞ்சப்பையில சுத்தி, கோழிமுட்டை கணக்கா பத்திரமா. பழைய பல்பைக் குடுத்தாப் புது பல்பு, கரண்டு கம்மியா இழுக்கிறது, அதுக்குத்தான் வந்திருக்காக, பேச்சைக் கேக்கவா வந்தாக... சிரிப்பு வந்துச்சு பவுனுக்கு, வாயை முந்தானையால மூடிக்கிட்டாள். சிரிப்பா அது, வயித்தெரிச்சலு.

எல்லாத்துக்கும் அந்தச் சுதந்திர தினத்தைச் சொல்லணும். கொடியேத்தி முட்டாயி குடுத்து முடிச்ச கையோட அவுக சட்டைப் பையில இருந்து ஈபி கார்டை எடுத்து ஆட்டுனாக பாருங்க, அந்த வெள்ளை அட்டை, ரீடிங் எடுக்க வர்றவரு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா எழுதிட்டுப் போற அட்டை, “இது எங்க வீட்டுக் கார்டு, ரெண்டு மாசத்துக்கு எழுபத்தெட்டு யூனிட்டு! நான் இருந்து காட்டுறேன், நீங்களும் இருங்க!” கூட்டம் கை தட்டுச்சு பாரு, அம்புட்டுத் தட்டு. பேப்பர்ல போட்டோவோட வந்துச்சு. மாவட்டத்துல கூப்பிட்டுக் கேடயம் குடுத்தாக, அது இப்ப டீவி மேல நிக்குது. அன்னைக்குப் பொம்பளைக வரிசையில நின்ன பவுனுக்கு மட்டும் கை தட்ட வரல, கையில முட்டாயி இருந்துச்சுன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாள்... எழுபத்தெட்டு சரிதான், அதுல பொய் இல்ல, அந்தக் கார்டுல வாசல் டியூப்லைட்டும் முன்ரூம்பு காத்தாடியும்தான் ஓடுது. வீட்டுக்கு மூணு கார்டுல்ல. யூனிட்டு கூடக் கூட ரேட்டு ஏறும்னு வீடு கட்டயிலயே மூணு சர்வீஸாப் பிரிச்சு வாங்குனது, ஒண்ணு அவுக பேருல, ஒண்ணு பவுனு பேருல, ஒண்ணு மாமியா பஞ்சம்மாள் பேருல. பவுனு பேருல அறுநூத்திப் பன்னெண்டு யூனிட்டு, படுக்கை ரூம்பு ஏசி, பிரிட்ஜு, கிரைண்டரு, மோட்டாரு. மாமியா பேருல ஐநூத்தி நாப்பது. அந்த மனுசி செத்துப் பதினோரு வருசமாச்சு, இருந்தவரைக்கும் ஒத்த லைட்டைப் போட்டாக் கூட ‘யாரு வீட்டுக் காசு’ன்னு சண்டைக்கு வந்த மனுசி, இப்பச் செத்துப்போயி ஆபீஸு ரூம்புல ஏசி போட்டுக்கிட்டு, ஹீட்டர்ல வெந்நி குளிச்சுக்கிட்டு, கட்சிக்காரனுக்கு ராத்திரி பூரா சீரியல் லைட்டு எரிச்சுக்கிட்டு இருக்கு. அடேயப்பா, செத்த பெறகுதான் வாழ்ந்திருக்கு.

மூணு கார்டும் பவுனுக்கு மனப்பாடம், ஈபி ஆபீஸு வரிசையில நிக்கிறவ அவதானே. அதையே ரஃபியும் தோண்டிட்டான். பஸ் ஸ்டாண்டுல செல்போன் கடை வச்சுக்கிட்டுப் பத்திரிகைக்கும் எழுதுறவன், தகவல் கேக்குற சட்டத்துல ஒரு மனு, இந்தக் கதவு நம்பருக்கு எத்தனை சர்வீஸு, எத்தனை யூனிட்டுன்னு, அம்புட்டுத்தான், பதிலு முத்திரையோட வந்துருச்சு. நாளைக்குப் பேப்பர்ல வரப்போகுது, அதுக்கு முந்தி மன்னிப்புக் கேட்டு அடைச்சிரணுமாம். இப்பக் கூட மூணாவது வரிசை ஓரத்துல கேமராவைத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிறான். காலையில இட்லியைப் பிச்சுப்போட்டுக்கிட்டே அவுக ஆரம்பிச்சாக, மூஞ்சியைப் பாக்காம, “ஏ பவுனு, நீயா ஒண்ணும் பேச வேணாம், எழுதிருக்கிறதை அப்படியே படிச்சாப் போதும்.” எனக்கு எப்பங்க முட்டுவலி வந்துச்சுன்னு கேட்டாள். “வந்தாத்தான் என்ன, கொறைஞ்சா போயிருவ? சர்வீஸு உம்பேருல இருக்கு. நான் சொன்னா அது அரசியலு, நீ சொன்னா குடும்பம். பொம்பள மன்னிப்புக் கேட்டா ஊரு ஒடனே எரக்கப்படும்.” அத்தை கார்டு? “அதையும் உங்கணக்குலயே சேத்துச் சொல்லிரு, செத்தவுகளை எதுக்கு இழுத்துக்கிட்டு.” சொல்லிட்டுச் சட்னி கேட்டாக. அவளும் ஊத்துனாள். ஊத்துன கையி இன்னமும் எரியுது... செத்தவுகளை இழுக்கக் கூடாதாம், உசுரோட இருக்கிறவளை இழுக்கலாமாம். பேருல வாங்கயில என்னமோ எனக்கு எழுதி வைக்கிற மாதிரி எம்புட்டுப் பெருமையாச் சொன்னாக, ‘உம்பேருலயும் ஒரு சர்வீஸு பவுனு’ன்னு, நானும் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேனே, கையெழுத்துப் போட்டேனே, கோணக் கோணயா.

ஏன், ஏசியில நீ படுக்கலையான்னு யாராச்சும் கேட்டா? படுத்தேன், ஆமா, படுத்தேன், சுகமாத்தான் இருக்கு, இல்லேன்னு சொன்னா நாக்கு அழுகிப்போகும். சித்திரை மாசம் மத்தியானத்துல கதவைச் சாத்திக்கிட்டு ஒத்தையில படுத்திருக்கேன், போர்வையப் போத்திக்கிட்டு, வெளிய தெருவே தீயாக் காயும்போது போர்வை போத்திப் படுக்கிறது எம்புட்டுத் திமிரு, அந்தத் திமிரு எனக்குப் பிடிச்சிருந்துச்சு. பொறந்தது லோயர் கேம்பு, மலையில இருந்து பெரியாத்துத் தண்ணி குழாயில எறங்கிக் கரண்டாகிற எடம், குழாய் உறுமுறது ராத்திரி பூரா காதுல கேக்கும், கேட்டுக்கிட்டே சிம்னி வெளக்குல சோறு திங்கணும், ஏன்னா அந்தக் கரண்டு எல்லாம் வேற ஊருக்குப் போகுது. அய்யாகிட்டக் கேட்டா, போகட்டும்த்தா, நமக்கென்னத்துக்கு அம்புட்டு வெளிச்சம்பாரு. எனக்கு வேணும்னு அழுதவ நான். அதனால ஏசிக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன், அது வேற கணக்கு. மேடையில ஏறி மத்தவளை லைட்டை அணைக்கச் சொன்னது நான் இல்லையே, கார்டை ஆட்டுனது நான் இல்லையே... ஆனா குழுவுல? சும்மா சொல்லக் கூடாது, குழுவுல நானும் சொல்லித்தான் இருக்கேன், போன மாசம், அன்னத்தாய்கிட்ட, ‘ரெண்டு நாடகத்தைக் கொறைச்சுக்கிட்டா என்ன’ன்னு. அன்னத்தாய் வீட்டுல ஓடுறது கெவர்மெண்டு குடுத்த இலவச டீவி, எரியறது ஒத்த பல்பு. ‘சரித்தா’ன்னாள் அன்னத்தாய்.

முன்வரிசையில அன்னத்தாய் உக்காந்திருந்தாள், திராட்சைத் தோட்டத்துல மருந்தடிச்சுட்டு நேரா வந்திருப்பா போல, புறங்கையில நீலம் படிஞ்சு, பல்பை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு. பாவம், வெள்ளந்தியான சனம்னு பவுனு பரிதாபப்பட்டாள். ரெண்டு மாசமா இப்படித்தான் இருக்கு, குழுவுக்குப் போறப்ப எல்லாம் மூஞ்சி மூஞ்சியாப் பாத்து, இவளுக அம்புட்டுப் பேரு தலையிலயும் மொளகா அரைச்சாச்சே, ஒருத்திக்குக் கூடத் தெரியலையே, எல்லாத்தையும் நம்புதுகளேன்னு உள்ளுக்குள்ள மறுகுறது. இப்ப நான் போயி அந்த நம்பிக்கைக்கு இன்னொரு பூச்சுப் பூசணுமாக்கும், முட்டுவலின்னு, அழுதுக்கிட்டே, அதுக்கும் எரக்கப்படுவாளுக, வீட்டுக்கு வந்து தைலம் வேற குடுப்பாளுக. சீ. இவளுக தைலத்தை வாங்கி எந்த முட்டுல தேய்ப்பேன்? மாட்டேன். என்ன செஞ்சிருவாக, அடிப்பாகளா, அடிக்கட்டும், அந்த வயசெல்லாம் போயாச்சு. பேச மாட்டாகளா, இப்ப மட்டும் என்ன பேசிக் கிழிக்கிறாக. மகன் பெங்களூர்ல இருக்கான், போன் போட்டு ‘அப்பா மானத்தை வாங்கிட்டியே’ம்பான், வாங்குனேன்டான்னு சொல்லிக்கிறேன்... “இப்போது எங்கள் இல்லத்தரசி, உங்கள் சகோதரி, இரண்டு வார்த்தை பேசுவார்.” அவுக இந்தப் பக்கம் திரும்பிச் சிரிச்சாக, மேடைக்குன்னு வச்சிருக்கிற சிரிப்பு.

எந்திரிச்சாள். நடந்தாள், நல்லா நடந்தாள், கொஞ்சம் கூட நொண்டாம, வேணும்னே வெரசா. தாளு நாற்காலியிலயே கெடந்துச்சு, தங்கபாண்டி பதறி அதை எடுத்துக்கிட்டுப் பின்னாடியே வர்றான், ‘அத்தாச்சி, தாளு, தாளு’ன்னு. மைக்கு வாய்க்கு ஒசரமா இருந்துச்சு, கழட்டிக் கையிலயே எடுத்துக்கிட்டாள். “எனக்கு முட்டுவலி எல்லாம் இல்ல”ன்னாள் முதல்ல. யாருக்கும் ஒண்ணும் புரியல. “எங்க வீட்டுக்கு ஒரு கார்டு இல்ல, மூணு கார்டு. தலைவர் பேருல எழுபத்தெட்டு, எம்பேருல அறுநூத்திப் பன்னெண்டு, செத்துப்போன எங்க மாமியா பேருல ஐநூத்தி நாப்பது. மொத்தம் ஆயிரத்து எறநூத்தி முப்பது. மூணையும் எழுதி வாங்குனது அவுக, அனுபவிச்சது ரெண்டு பேரும். உங்களுக்கு ஒண்ணு மட்டும் காட்டுனாக, நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன். இதுதான் நெசம்.” சொல்லி முடிச்சதும் பயம் இல்ல, சந்தோசம், எத்தனையோ வருசங் கழிச்சு வந்த சந்தோசம், இப்ப கூட்டம் கொதிக்கும், எந்திரிச்சுக் கத்தும், ரஃபி கேமராவைத் தூக்குறான், தூக்கு, நல்லாத் தூக்குன்னு நிமிந்து நின்னாள்.

கூட்டம் கொதிக்கல. நோட்டீசை விசிறிக்கிட்டேதான் இருந்துச்சு. அப்புறம் முன்வரிசையில இருந்து அன்னத்தாய், எந்திரிக்கக் கூட இல்ல, உக்காந்த வாக்குலயே, “ஏத்தா பவுனு, தெருவுல போறவளுக்கு மேல பாத்தாத் தெரியாதாக்கும், ஏசிப் பெட்டி ஒண்ணா ரெண்டா? மீட்டரு மூணும் வாசல்லதான தொங்குது.” சிரிச்சாளுக. கேலிச் சிரிப்பு இல்ல, சொந்தக்காரியைப் பாத்துச் சிரிக்கிற சிரிப்பு. “அப்ப அன்னைக்குக் கை தட்டுனீகளே?” மைக்குலயே கேட்டுட்டாள் பவுனு, மண்டபம் பூரா அது எதிரொலிச்சுச்சு. “தட்டுனோம், தட்டாட்டி ரோட்டுக் குழாயில தண்ணி வருமா,” அப்படின்னு பின்னால இருந்து ஒருத்தி. அன்னத்தாய் கையில இருந்த பல்பை மடிக்கு மாத்திக்கிட்டுச் சொன்னாள், கொஞ்சம் தணிஞ்ச குரல்ல, “உங்கிட்ட மட்டும் யாரும் கேக்கல. கேட்டா நீ சங்கடப்படுவன்னு, குழுவுல நாங்களாப் பேசி வச்சுக்கிட்டோம்.”

அவுக பக்கத்துல வந்து நின்னாக, சிரிப்பு மாறாம, பல்லுக்கு இடையில, “குடுடி மைக்கை.” குடுக்கல. ரெண்டாந்தரம் கை நீட்டுனாக, அவ இன்னும் ஒரு எட்டு முன்னால போனாள், மைக்கு ஒயரு நீண்டு வந்துச்சு. குடுக்க மாட்டேன், அதுல மாத்தமில்ல, வீட்டுக்குப் போயி என்ன நடந்தாலும் நடக்கட்டும்... ஆனா என்ன இது, எல்லாரையும் ஏமாந்தவளுகன்னு நெனச்சு ரெண்டு மாசமா நான் பரிதாபப்பட்டிருக்கேன், இவளுக எனக்குப் பரிதாபப்பட்டிருக்காளுக, எம்முன்னால பேச்சை மாத்தி, எனக்குத் தெரியாம ஒருத்திக்கொருத்தி கண்ணைக் காட்டி, நான் நாடகத்தைக் கொறைன்னு சொன்னப்ப ‘சரித்தா’ன்னாளே, அது என்ன ‘சரித்தா’, என்னைப் பாத்து அன்னைக்கு அவ என்னதான் நெனச்சிருப்பா? அடுத்து என்ன சொல்லப்போறான்னு முந்நூறு பேரும் அண்ணாந்து பாத்துக்கிட்டிருந்தாக. கர்ணன் மூஞ்சியைப் பவுனு நேருக்கு நேராப் பாத்தாள், அதுக்கு அவளுக்கு ஒரு தயக்கமும் இல்ல. அன்னத்தாய் மூஞ்சியைத்தான் பாக்க முடியல.