இருபத்திரண்டு பெருவிரல்கள்

கிழக்கு வெளுக்கும் முன்பே நெட்டை மேல்தட்டிலிருந்து பெட்டிகளை இறக்கத் தொடங்கிவிட்டாள். ஆறு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏணியில் இறங்க வேண்டும். கழுத்து நரம்பு புடைக்கும், கால் நடுங்கும். ஒரு பெட்டி நழுவினாலும் இருபத்தைந்து சுருட்டு உடையும். மேல்தட்டுக்குக் கீழேயுள்ள நாலாவது தட்டை ஏணி இல்லாமலே தொடக்கூடியவள் அந்தக் கிடங்கில் அவள் ஒருத்திதான். அதனால் அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

மூடியைத் திறந்தாள். ஒருகாலத்தில் தேனும் பழைய மரமும் கலந்தாற்போல் மணந்த சுருட்டிலிருந்து நனைந்த செருப்பின் வாடை எழுந்தது.

சுருட்டின்மேல் இரண்டு வகை வெண்மை உண்டு. ஒன்று, இலையின் எண்ணெய் கசிந்து மாவு தூவியதுபோல் படிவது. விரலால் தடவினால் போய்விடும், கறை விடாது. அது நல்ல சரக்கின் அடையாளம். மற்றது பூஞ்சணம். நீலமும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகக் கம்பளிப்புழுவின் முதுகுபோல் மயிர் விட்டு நிற்கும். மேலே மட்டும் என்றால் துடைத்துத் தனியே வைத்துப் பார்க்கலாம். வெட்டிய முனையில் தெரிந்தால் உள்ளேயும் இறங்கிவிட்டது என்று பொருள். அதை எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தப் பெட்டியில் பதினோரு முனைகள் பச்சையாக இருந்தன.

மழை தொடங்கிய வாரமே முதலாளி ஈரம் இழுக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். மின்சாரத்தை அது குடிக்கிறதாம். சுவரிலிருந்த ஈரமானியின் முள் எழுபதைத் தாண்டியது, எண்பதைத் தாண்டியது. பெண்கள் மூன்று முறை போய்ச் சொன்னார்கள். நான்காம் நாள் முதலாளி வந்து ஈரமானியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் பூஞ்சணம் வந்தது. ஜன்னலை அடைத்துக்கொண்டு, மூக்குக்கு ஒரு துணிகூட இல்லாமல், பன்னிரண்டு நாள் உலர்ந்த தூரிகையால் துடைத்தார்கள். தூள் புகைபோலப் பறந்தது. துடைத்தவர்களில் ஒருத்தி நெட்டையின் தங்கை.

இப்போது அவளால் படுத்துத் தூங்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே மூச்சுக்கு அலைகிறாள். நெஞ்சுக்குள் பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்றார் மருத்துவர். தொழிலாளர் மருத்துவமனையில் சேர்க்க, அவள் இந்தக் கிடங்கில் வேலை செய்தவள் என்று முதலாளி கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். நேற்று நெட்டை அதை எழுதி எடுத்துக்கொண்டு போனாள்.

"உன் தங்கச்சியா? அப்படி ஒருத்தி இங்க வேலை பாத்தாளா என்ன?" என்றார் முதலாளி, பல் குத்திக்கொண்டே.

அந்தப் பல்குச்சியை அவர் தொண்டையில் இறக்கவேண்டும் என்று நெட்டைக்கு இருந்தது. இரவு முழுக்க அந்த நினைப்பு அவளைக் கொதிக்க வைத்தது. விடிவதற்குள் அதைவிட நல்ல வழி ஒன்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

உள்ளறையில் விலை உயர்ந்த சரக்கு இருந்தது. அதில் இன்னும் பூஞ்சணம் ஏறவில்லை. பெட்டிகளை இறக்கி முடித்ததும் நெட்டை ஈரச் சாக்குத் துண்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கெட்டுப்போன சுருட்டுகளை அவற்றின்மேல் நன்றாகத் தேய்த்து, தட்டுகளுக்குப் பின்னால் திணிக்கத் தொடங்கினாள்.

"அடியே, அங்க என்னத்தத் திணிக்கிற?"

வாசலில் வாயாடி நின்றாள். கிடங்கில் யாரும் பேசி ஜெயிக்க முடியாதவள்.

"அஞ்சே நாள். இந்த ரூம் பூராவும் பச்சைப்பசேல்னு ஆயிடும். என் தங்கச்சி நெஞ்சுல மொளைச்சது அவன் சொத்துலயும் மொளைக்கட்டும்."

வாயாடி உள்ளே வந்து ஒரு துண்டை இழுத்துப் பார்த்தாள்.

"மொளைச்சா யாருடி தொடைக்கிறது? அவன் பொண்டாட்டி வந்து கைய மடிச்சு விட்டுக்கிட்டுத் தொடைப்பாளா? நீயும் நானும்தான். ஒரு நெஞ்சு போச்சுன்னு இன்னும் இருபத்திரெண்டு நெஞ்சுக்கு வெதை போடறியேடி, கூறு கெட்டவளே!"

நெட்டையின் கை தட்டுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது. அவள் இதை யோசிக்கவே இல்லை. துண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள்.

"அப்ப அவன சும்மா விடச் சொல்றியா?"

"சும்மாவா? நல்லாருக்கே கதை! அவனுக்கு வலிக்கிற எடம் வேற. இங்க பாரு." வாயாடி தன் பெருவிரலை நீட்டினாள். அதில் நீல மை ஊறிப்போயிருந்தது.

அந்தக் கிடங்கின் வழக்கம் அது. ஒவ்வொரு பெட்டியின் மூடிக்குள்ளும் ஒரு சிறு சீட்டு இருக்கும். துடைத்தவள், 'பார்த்தேன், சுத்தம்' என்று அதில் பெருவிரல் பதிக்க வேண்டும். தூரத்து வியாபாரிகள் சுருட்டை முகர்வதற்கு முன் அந்த நீலரேகையைத்தான் தேடுவார்கள். அது இல்லாத பெட்டியை ஒருவரும் தொடமாட்டார்கள். இன்று பத்து மணிக்குப் பெரிய வியாபாரி ஒருவர் நேரிலேயே வருகிறார்.

"மைதான் அவனுது. வெரல் நம்மளுது," என்றாள் வாயாடி.

மற்றவர்கள் ஒவ்வொருத்தியாக வந்ததும் இருவரும் விஷயத்தைச் சொன்னார்கள். கண்ணாடிக்காரி மட்டும் தயங்கினாள். "எனக்குப் பயமா இருக்குடி. என்னை மட்டும் நிறுத்திட்டான்னா..." சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. வறண்ட, நீளமான இருமல். அது அடங்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். எல்லோருக்கும் அது தெரிந்த இருமல்தான். கண்ணாடிக்காரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, சொல்லித் தொலைங்க. என்ன செய்யணும்?"

முதலாளி வந்தபோது பெட்டிகள் மேசைகளின்மேல் வாய் பிளந்து கிடந்தன. சீட்டுகள் வெறுமையாக இருந்தன. அவற்றின் பின்னால் இருபத்திரண்டு பெண்கள், பெருவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடிக்கொண்டு நின்றார்கள்.

"என்ன கூத்து இது? வெரல் வைங்க!"

"சுத்தம்னு பாத்ததுக்குத்தான் வெரல் வைப்போம், மொதலாளி. முனையெல்லாம் பச்சையா இருக்கு," என்றாள் வாயாடி.

"பச்சையா? முப்பது வருஷமா சுருட்டு விக்கிறவன் நான். அது இலையோட எண்ணெய்!"

வாயாடி மயிர் விட்ட சுருட்டு ஒன்றை மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினாள். "அப்ப ஒண்ணு பத்த வைங்க மொதலாளி. நாங்களும் கண்ணு குளிரப் பாக்குறோம்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு மேசை மேசையாகப் பரவியது. முதலாளி ஓரடி பின்னால் போய்க் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அந்தக் கைக்குட்டையைப் பார்க்கப் பார்க்க நெட்டைக்கு இனித்தது. அவர் பயப்படுகிறார்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி நெட்டையிடம் வந்தார். "அந்தக் கடுதாசியக் கொடும்மா. இப்பவே கையெழுத்துப் போடறேன். நீ சொன்னா இவங்க கேப்பாங்க. வெரல வைக்கச் சொல்லு."

பேனாவின் மூடி கழன்றது. நெட்டை கடிதத்தை எடுத்தாள். சுவரில் சாய்ந்திருக்கும் தங்கையின் வாய் திறந்து திறந்து மூடுவது கண்ணில் தெரிந்தது. ஒரு கையெழுத்து. ஒரே ஒரு கையெழுத்து.

"நாங்க வைக்கிறோம்டி," என்றாள் கண்ணாடிக்காரி. முதலில் பயந்தவள் அவள்தான், இப்போது முதலில் விரலை நீட்டியவளும் அவள்தான். "அந்தப் பொண்ணுக்காக வைக்கிறோம். நீ வாங்கிக்க."

நெட்டை அவள் விரலைப் பிடித்தாள். பிடித்து, உள்ளங்கைக்குள் மடக்கி, மேலே தன் கையை வைத்து அழுத்தினாள்.

"இன்னைக்கே வெரல வச்சுட்டா, நாளைக்கு நீ மூச்சு முட்டி உக்காரும்போது உனக்கு எதைக் காட்டிக் கடுதாசி வாங்குவேன்?"

பிறகு அவள் தன் முழு உயரத்துக்கும் நிமிர்ந்தாள். "எழுதுங்க மொதலாளி. இங்க பூஞ்சணம் தொடைச்சதால வந்த சீக்குன்னு எழுதுங்க. அவளுக்கு மட்டும் பத்தாது, எங்க எல்லாரோட நெஞ்சையும் சோதிக்கணும்னு எழுதுங்க. மெஷினப் போடுங்க, முனை கெட்டத எரிங்க. அப்புறம் பேசலாம்."

"திமிரா? எல்லாரையும் வெளிய தள்ளிட்டு வேற ஆள் வைப்பேன்!"

"வைங்க. பத்து மணிக்குள்ள வைங்க," என்றாள் வாயாடி.

வெளியே வண்டியின் ஒலிப்பான் சத்தம் கேட்டது. முதலாளி மூக்கிலிருந்த கைக்குட்டையை எடுத்து, அதாலேயே அருகிலிருந்த சுருட்டை அவசரமாகத் துடைத்தார். தூள் எழுந்து முகத்தில் அப்பியது. அவர் இருமினார். ஒருத்தியும் தண்ணீர் எடுக்க ஓடவில்லை.

நெட்டை கையெழுத்தில்லாத கடிதத்தைப் பிரித்து, வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி, முன்னாலிருந்த பெட்டியின் பச்சை முனைகள்மேல் வைத்தாள். கண்ணாடிக்காரி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். தோளோடு தோள் இடிக்க இருபத்திரண்டு பேரும் நின்றார்கள். வியாபாரி படியேறி வரும் காலடிச் சத்தம் கேட்டது.