மேலே உள்ள வரியின் பிள்ளை

1.

இந்தக் கதை ஒரு பயத்தில் பிறந்தது. அந்தப் பயத்தை உண்டாக்கியவன் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டால் என்னை நல்லவன் என்று நினைப்பீர்கள். நினைக்காதீர்கள்.

பின்லாந்தின் ஊலு நகரத்தில் ஆகஸ்ட் மாதக் காலை, ஆற்றின் மேல் மெல்லிய— (வேண்டாம். வானிலையில் தொடங்குகிறவன் எதையோ மறைக்கிறான்.)

2.

ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தின் சர்வரிலிருந்து தினமும் காலையில் எங்கள் மென்பொருள் அலுவலகத்துக்கு இரண்டு பட்டியல்கள் வரும். ஒன்றில் அறுபத்திரண்டு குழந்தைகள். மற்றதில் யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்ற வரிகள். எங்கள் தொழிலில் குழந்தை தாய்ப் பதிவு, அதன் ஒவ்வாமை பிள்ளைப் பதிவு. பிள்ளை வரியில் தாயின் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்து இரண்டையும் இணைத்து, சமையலறைச் சுவரில் ஒட்டும் தாளை என் நிரல் தயாரிக்கும்.

சில வரிகளில் தாயின் எண் காலியாக வரும்.* அப்படி வந்தால் மேலே உள்ள வரியின் தாயோடு சேர்த்துவிடு என்று எழுதியிருந்தேன். ஒரே குழந்தையின் வரிகள் எப்போதும் அடுத்தடுத்துத்தான் வந்தன. ஒரு வருடம் அப்படியே ஓடியது.

* ஏன் காலி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கு மூன்று கூட்டம் போடுவார்கள்.

3.

அந்தச் செவ்வாய்க்கிழமை சர்வர் வரிசையை மாற்றி, புதிதாகப் பதிந்ததை முதலில் அனுப்பியது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. பத்தே முக்காலுக்குப் பக்கத்து மேசைத் துய்ரே என் திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஒரே பொண்ணுக்கு ஏழு அலர்ஜியா? பாவம், அது தண்ணியத்தான் குடிக்கணும்."

சிரித்தேன். பிறகு வரிசையைப் பார்த்தேன். ஏழில் ஆறு வேறு குழந்தைகளுடையவை. அதில் ஒன்று: மீன், கடுமை. அன்று காப்பகத்தில் சால்மன் மீன் சூப். பதினொரு மணிக்குச் சாப்பாடு.

"போன் பண்ணு," என்றாள்.

"யாரோடதுன்னு கண்டுபிடிச்சிட்டுப் பண்றேன்."

"மடையா, முதல்ல பண்ணு."

(‘உடனே போன் செய்தேன்’ என்று ஒரு பிரதியில் எழுதி அடித்துவிட்டேன். பன்னிரண்டு நிமிடம் தேடினேன். தவறைப் பதிலோடு சேர்த்துச் சொன்னால் அவமானம் குறையும் என்று நினைத்தேன்.)

4.

சமையலறையில் ஹெல்கா எடுத்தாள். முந்தின நாள்தான் மாற்றாளாக வந்தவள். தாளில் இருப்பதைத் தவிர அவளுக்கு எந்தக் குழந்தையைப் பற்றியும் தெரியாது.

"பரிமாறாதீங்க. சுவத்துல இருக்கிற தாள் தப்பு."

"சின்னவங்களுக்கு ஊத்தியாச்சே. யாருக்கு ஆகாதுன்னு சொல்லுங்க, தட்டை எடுத்துடறேன்."

"தெரியல."

"தெரியலன்னா?"

"எல்லாத் தட்டையும் எடுங்க."

"லைன்ல இருங்க," என்று போனை மேசையில் வைத்துவிட்டு ஓடினாள். தூரத்தில் ஸ்பூன்களின் சத்தம் கேட்டது.

5.

முடிவு ஒன்று: மீன் ஆகாத அந்தக் குழந்தை சூப்பைத் தொடவேயில்லை, ரொட்டியை மட்டும் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

முடிவு இரண்டு: இரண்டு வயது இருக்கும், பெயர்

பெயரில்தான் நிற்கிறேன். ஊகித்து ஒரு பெயரைப் போட்டால் கதை முடிந்துவிடும். காலி இடத்தில் கைக்குக் கிடைத்த குழந்தையைப் போட்டுத்தான் இந்த நிலைக்கு வந்தேன். போடமாட்டேன்.

இப்போது ஸ்பூன் சத்தம் நின்றுவிட்டது. ஹெல்கா சொன்னதால் நின்றதா, எல்லோரும் ஒரே குழந்தையைப் பார்ப்பதால் நின்றதா? நீங்கள் வாசகர், பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். எனக்குப் போனைக் காதிலிருந்து எடுக்கப் பயமாக இருக்கிறது.