சாட்சிக்கு வந்தவன்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து உதறி, ஒருவர் நடந்து போய்த் தன் மூலைகளை மற்றவர் கையில் கொடுக்க வேண்டும். அக்காவும் தம்பியும் மடித்தால் நடப்பது எப்போதும் அக்காதான். அவனுக்கு நாற்பது நெருங்குகிறது. நின்ற இடத்தில் நிற்பான்.

அம்மா செத்தபோது அவனுக்கு மூன்று வயது, அவளுக்குப் பன்னிரண்டு. அன்றோடு அவள் படிப்பும் விளையாட்டும் முடிந்தன. ஊட்டினாள், பள்ளிக்கு அனுப்பினாள், இங்கே வேலையும் வாங்கித் தந்தாள். பெண்ணும் பார்த்தாள். அவன் எதைச் சாப்பிடுவான், எதைத் தொடமாட்டான் என்று அவள் விளக்கத் தொடங்கியதும் பெண் வீட்டார் கிளம்பிவிடுவார்கள். கூடத்தில் அவனுக்குப் பாப்பா என்று பெயர். அவன் அதற்குக் கோபப்பட்டதே இல்லை.

கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் தையல்காரர் மனைவியை இழந்தவர். அவர் அவளிடம் பேச ஆரம்பித்ததும், பதினைந்து வயதில் வரவேண்டிய வெட்கம் ஐம்பதை நெருங்கும்போது வந்தது. உலர்த்தும் இயந்திரத்தின் கண்ணாடிக் கதவில் முகம் பார்த்தாள். கண்ணாடி தேய்ந்துவிடப்போகிறது என்று கூட இருந்த பெண்கள் கிண்டலடித்தார்கள்.

விரிப்பை மடித்துக்கொண்டே தம்பியிடம் கல்யாண விஷயத்தைச் சொன்னாள். அவன் கையிலிருந்த மூலை நழுவியது.

"அப்ப எனக்குச் சாப்பாடு?"

அவள் குனிந்து துணியை எடுத்தாள். "அம்மாவைத் தூக்கிட்டுப் போனப்பவும் இதையேதான்டா கேட்ட. அப்ப நான் பதில் சொன்னேன்."

அதன்பின் அவன் பேசவில்லை. பேசாமல் இருந்தால் அக்கா இறங்கி வருவாள் என்பது சின்ன வயதிலிருந்து பலித்த கணக்கு. இப்போதும் பாதி பலித்தது. தேதியைத் தள்ளிப்போடலாமா என்று தையல்காரரிடம் கேட்டாள்.

"தள்ளிக்கலாம். உங்க தம்பி வளர இன்னும் எத்தனை வருஷம் ஆகும்?" என்றார் அவர்.

தேதி தள்ளவில்லை. தம்பியைச் சாட்சிக்கு வரச் சொன்னாள். வருவானா என்பது அவளுக்கே தெரியாது.

வந்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். அவள் கை அதற்கு நீண்டு பாதியில் நின்றது.

பதிவு அலுவலக எழுத்தர் தலை நிமிராமல் கேட்டார். "பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?"

"மகன்."

எழுத்தர் நிமிர்ந்தார். தையல்காரர் இருமினார். சொன்னது என்னவென்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. திருத்த வாயைத் திறந்தான்.

"தம்பி," என்றாள் அவள். "நான் இவனுக்கு அக்கா. அவ்வளவுதான்."

அவன் அழுதான். வளர்ந்த ஆண்கள் முகத்தை மறைத்துக்கொண்டு அழுவதைப் போல இல்லை. வாயைத் திறந்துகொண்டு அழுதான். எழுத்தர் ஜன்னலைப் பார்த்தார். தையல்காரர் தண்ணீர் தேடிக் கொண்டுவந்து வைத்தார். அவள் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை அவன் பக்கம் நகர்த்தினாள். அவள் எழுந்துபோய் அவன் கண்ணைத் துடைத்துவிடவில்லை. அவனாகத் துடைத்துக்கொள்ள வெகு நேரம் ஆனது. அதுவரை மூவரும் காத்திருந்தார்கள்.