ஐஸ் பெட்டிக்குக் காவல்

அப்பாவை வைத்திருந்த ஐஸ் பெட்டிக்கு நான்தான் காவல். சங்கரன்கோவில் வெயில் மண்டையைப் பிளந்தது. பெட்டியின் மோட்டாரோ உள்ளே இருந்த சூட்டையெல்லாம் இழுத்து, சுற்றி உட்கார்ந்து அழுதவர்கள் மேல் துப்பிக்கொண்டிருந்தது. பெட்டியைக் கொண்டுவந்த சங்கரசுப்பு அண்ணாச்சி முந்தாநாளே சொல்லிவிட்டுப் போனார்: "யாரையும் மூடியத் தொறக்க விட்டுராதீக. பழைய மோட்டாரு. தொறந்தா மறுபடி குளிரு ஏறாது."

ரியாத்தில் இருந்து தம்பி பாண்டியராஜன் வர வேண்டும். நான்கு வருடமாக அப்பாவை போனில்தான் பார்த்தான். கடைசியாக ஒரு தடவை அவன் நேரில் முகம் பார்த்துவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு பிசிக்ஸில் என்ட்ரோபி, அதாவது எல்லாம் கலைந்துபோவதன் கணக்கை, நடத்துகிறவள் நான். பிரபஞ்சம் தொடங்கியபோது ஒழுங்காக இருந்தது, அன்றிலிருந்து கலைந்துகொண்டே போகிறது, நட்சத்திரங்களும் ஒருநாள் ஆறிப்போகும் என்று போர்டில் எழுதிப் போட்டுவிட்டு, மணி அடித்ததும் டீ குடிக்கப் போய்விடுவேன். ஓரிடத்தில் மட்டும் கலையாமல் தடுத்து வைக்கலாம், அதற்குப் பதிலாக வெளியே இன்னும் அதிகமாகக் கலையும் என்றும் பாடத்தில் உண்டு. அந்த ஒரு வரியைப் பிடித்துத்தான் இரண்டு நாளாகத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் அக்கா ஆறுமுகத்தாய் அத்தை, இளையரசனேந்தலில் இருந்து வந்ததும் வராததுமாக மூடியில் கை வைத்தாள்.

"அத்தே, தொறக்காதீங்க."

"கூடப் பொறந்தவன் மூஞ்சியத் தொட ஒன்கிட்ட பெர்மிஷன் வாங்கணுமாட்டி?"

"தொறந்தா கெட்டுரும் அத்தே. தம்பி வரணும்லா."

"ரெண்டு நாளா ஒரு சொட்டுக் கண்ணீர் விடலியாமே. நீயெல்லாம் பிள்ளயா?"

இரண்டு கையையும் மூடியில் ஊன்றி நின்றேன். என்னைத் தள்ளிவிட யாருக்கும் தைரியம் வரவில்லை. மூடியின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். அப்பாவின் உதடு கறுத்திருந்தது. மூக்கு அப்பாவின் மூக்காக இல்லை.

தம்பிக்கு போன் போட்டேன்.

"ஏலே, எங்கன இருக்க?"

"ஆபீஸ் வாசல்லதான்க்கா. மொதலாளி இன்னும் பாஸ்போர்ட்டத் தரல. கால்ல கூட விழுந்து பாத்துட்டேன்."

"நாளைக்காவது வந்துருவியால? பெட்டி நல்லா ஓடுது. அப்பா அப்படியே இருக்காவ."

"அத்த மகன் அப்பா மூஞ்சிய போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான்க்கா. பாத்தேன். எனக்காகக் காத்திருக்காதீக, எடுத்துருங்க."

பிளக்கைப் பிடுங்கினேன். மோட்டார் நின்றது. நானே மூடியைத் திறந்து, அத்தை தொடும் முன்பே அப்பாவின் கன்னத்தில் கை வைத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. என் கையின் சூடு அவருக்குள் போய்க்கொண்டே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னம் வெதுவெதுப்பானது, உயிரோடு இருந்தபோது இருந்த மாதிரியே. அந்தச் சூடுதான் இனி அவரைச் சிதைக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கையை எடுக்க முடியாமல் வாய்விட்டு அழுதேன்.