பின்னால் போகாத எண்

கிளையன்டுக்குப் போட்டுக் காட்டிய முதல் ஸ்லைடிலேயே எனக்கு வயிறு எரிந்தது. 'வடிவமைப்பு: ஸ்ரீநாத்.' தெம்பனிஸ் ஆபீசில் ஆறு மாதம் உட்கார்ந்து நான் எழுதியதற்கு என் மேலாளர் பெயர். நன்றிப் பட்டியலிலாவது என்னைச் சேர்த்தாரா? காப்பி மெஷினைப் பழுதுபார்த்தவர் பெயர்கூட அதில் இருந்தது.

லிஃப்டை இயக்கும் கணினியை மென்பொருளிலேயே நடித்துக் காட்டும் சிமுலேட்டர் எங்களுடையது. அதற்குள் ஸ்கீம் என்ற சின்ன மொழியைப் புரிந்துகொள்ளும் இன்டர்பிரெட்டரை நான் பொருத்தினேன். லிஃப்ட் ஓடும்போதே நாலு வரி எழுதி, கதவு எத்தனை தடவை திறந்தது என்று எண்ணலாம். சிமுலேட்டரைப் பழைய நிலைக்குத் திருப்பினால் ஸ்கீமின் நினைவும் கூடவே திரும்ப வேண்டும். அதற்காக நான் எழுதிய ஒற்றை வரியைப் போன வாரம் அவர் தூக்கிவிட்டார்.

"அது இருந்தா ரொம்ப ஸ்லோ. கிளையன்ட் முன்னாடி அசிங்கம்."

"எடுத்தா தப்பான எண் காட்டும் சார்."

"எல்லாத்துக்கும் நெகட்டிவா பேசாதீங்க லா."

வாயை மூடிக்கொண்டேன். பயம்தான். அடுத்த மாதம் என் வேலை பாஸைப் புதுப்பிக்க அவர் கையெழுத்து வேண்டும். பாஸ் இல்லாவிட்டால் இந்த நாட்டை விட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இன்று கிளையன்ட் கம்பெனியிலிருந்து இம்ரான் வந்திருந்தார். கதவு பதினேழு தடவை திறந்ததும், "முதல்லேருந்து காட்டுங்க" என்றார். ஸ்ரீநாத் பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்தது, கடிகாரம் பூஜ்யமானது. கதவு ஒருமுறை திறந்தது. திரையில் எண் பதினெட்டு.

"ஒரு வாட்டிதானே திறந்துச்சு?" என்றார் இம்ரான்.

ஸ்ரீநாத் சிரித்தார். "அந்தப் பார்ட் சங்கீதா எழுதினது. அவங்க மிஸ்டேக்."

அடப்பாவி! ஆறு மாதத்தில் இன்றைக்குத்தான் இந்த வேலையோடு என் பெயரைச் சேர்த்துச் சொல்கிறார். எழுந்து போய்ப் பெரிய திரையின் கேபிளை என் லேப்டாப்பில் செருகினேன்.

"என்ன பண்றீங்க?"

"மிஸ்டேக்கைக் காட்டுறேன் சார்."

எந்த வரியை யார், எப்போது மாற்றினார்கள் என்று காட்டும் பதிவைத் திறந்தேன். சிவப்பில் அடிக்கப்பட்ட என் ஒற்றை வரி. பக்கத்தில் போன புதன்கிழமை தேதி, ஸ்ரீநாத் என்ற பெயர். இம்ரான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார்.

வேலை பாஸ் ஞாபகத்துக்கு வந்தது. ஸ்ரீநாத்தின் கை கேபிளை நோக்கி நீண்டது. நான் கேபிளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.